பட்டியலில் மூன்றாவது பேர்

சனிக்கிழமை விடியக்காலை ஐந்தரைக்கு, குருநகர் வெண்சங்கு விளையாட்டுக் கழகத்துப் பொடியன்கள் வாடகை பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தபோது, செபஸ்தியம்மா பூப்போட்ட சேலையும் இடுப்பில் ஒரு பெரிய சட்டியுமாக வந்து, ஒருவரையும் கேட்காமல் முன் சீற்றில் குந்திக்கொண்டாள். சட்டிக்குள் புட்டும் பொரித்த மீனும் இருந்தன.

"எங்கை அன்ரி?" என்று கேட்டான் ஜெயசுதன். கழகத்தின் செயலாளர் அவன். அன்றைய அஞ்சல் ஓட்டத்தில் நாலாவதாக ஓட இருந்தவனும் அவன்தான்.

"ஏன், நீங்கள் போற இடத்துக்குத்தான். என்ரை பிள்ளையின்ரை கழகம். நான் வரக்கூடாதோ?"

வரக்கூடாது என்று அவளுக்குச் சொல்லக்கூடிய ஆள் குருநகரில் இன்னும் பிறக்கவில்லை. மீனவர் சங்கத்துத் தலைவரையே மீன் சந்தையில் வைத்து வாயடைக்கப் பண்ணியவள். ஜெயசுதன் பின்னால் திரும்பி, கழகத்து ஓட்டக்காரன் ஜஸ்ரினைப் பார்த்தான். ஜஸ்ரின் யன்னலைப் பார்த்தான். பஸ் வெளிக்கிட்டது.

படம் பார்த்து ஓடுகிற இந்த ஓட்டம் குருநகருக்கு வந்து நாலு வருடம் இருக்கும். ஒரு வரைபடத்தையும் திசைகாட்டியையும் கையில் தந்து காட்டுக்குள் விட்டுவிடுவார்கள். பற்றைக்குப் பின்னாலும் மணல் மேட்டுக்குக் கீழேயும் சிவப்பு வெள்ளைக் கொடிகளை ஒளித்து வைத்திருப்பார்கள். ஒவ்வொரு கொடியாகத் தேடிப் போய், விரலில் மாட்டிய மின்னணுச் சிப்பை அங்கே இருக்கிற பெட்டியில் தொட்டுவிட்டு அடுத்ததற்கு ஓடவேண்டும். அஞ்சல் ஓட்டம் என்றால் நாலு பேர். ஒருவன் பத்துக் கிலோமீற்றர் ஓடி வந்து அடுத்தவனின் கையைத் தட்டிவிட, அவன் ஓடுவான். முதல் தடவை இதைக் கேள்விப்பட்டபோது செபஸ்தியம்மா சிரியோ சிரி என்று சிரித்தாள்.

"உதென்னடா விசர் விளையாட்டு? கொடியை ஒளிச்சவனிட்டைக் கேட்டாச் சொல்லமாட்டானோ?"

"அப்பா கடலுக்கை என்னத்தைப் பாத்து வாறவர்? கோயில் கோபுரத்தையும் பனையையும் பாத்துத்தானே. நான் படத்தைப் பாத்து வருவன். அவ்வளவுதான் அம்மா," என்றான் ஜெரோசன்.

ஜெரோசன் அவளுடைய ஒரே மகன். இருபத்துநாலு வயது. கழகத்தில் மூன்றாவது ஓட்டக்காரன். வாடைக்காற்று இரைந்த ஒரு கார்த்திகை நாளில், கூடப் போகிறவனுக்குக் காய்ச்சல் என்று தனியே படகைக் கொண்டு போனான். படகு மட்டும் கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை. அது நடந்து எட்டு மாதம்.

கடலோடு போனவனைப் பற்றி அந்தக் கரையில் ஒரு வழமை உண்டு. உடல் கிடைக்காதவனைச் செத்தவன் என்று வெளியாட்கள் சொல்லக்கூடாது. வீட்டார் முதலில் தங்கள் வாயால் சொல்லவேண்டும். அதற்குப் பிறகுதான் கோயிலில் ஆத்துமப் பூசை, சங்கத்துப் புத்தகத்தில் பேர் வெட்டுவது எல்லாம். வீட்டார் சொல்லாதவரைக்கும் அவன் பேர் இருந்த இடத்திலேயே இருக்கும். அனேகமான வீடுகளில் முப்பத்தோராம் நாளுக்குள் யாராவது ஒருவர் அழுதுகொண்டு சொல்லிவிடுவார்கள்.

செபஸ்தியம்மா சொல்லவில்லை. "வருவான்" என்றாள். சுவாமியார் வீட்டுக்கு வந்து ஒரு மணித்தியாலம் இருந்து கதைத்தார். தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டாள். அவளுடைய புருசன் கிறிஸ்துநாயகம் ஆறாம் மாதம் முடிந்த அன்று, வலையில் சிக்கெடுத்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்.

"இஞ்சேரும், பெடியனுக்கு ஒரு பூசை ஒப்புக்குடுப்பமே?"

"ஆருக்குப் பூசை? உயிரோடை இருக்கிறவனுக்கோ? உங்களுக்கு அலுத்துப்போச்செண்டாச் சொல்லுங்கோ, நான் தனிய இருந்து பாக்கிறன்."

அந்த மனுசன் அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை. தேவையில்லாத நாட்களிலும் கடலுக்குப் போகத் தொடங்கினார். இந்தச் சனிக்கிழமையும் போயிருந்தார். ஒரு வீட்டில் இரண்டு பேர் ஒரே பிள்ளைக்காக வேறு வேறு விதமாகச் சாகிற கொடுமையை யாரிடம் போய்ச் சொல்வது?

இரண்டு கிழமைக்கு முன்னர் ஜெயசுதன் அவளிடம் வந்திருந்தான். கையில் ஒரு தாள் மடித்து வைத்திருந்தான். படியில் நின்றபடியே, "பேர்ப்பட்டியல் குடுக்கோணும் அன்ரி. மூண்டாவது ஓட்டத்துக்கு ஜஸ்ரினைப் போடலாமெண்டு…" என்று இழுத்தான்.

"ஏன்? மூண்டாவது ஆள் ஜெரோசன் எல்லோ?"

"ஓம் அன்ரி. ஆனா…"

"அவன்ரை பேரை ஏன் வெட்டுறாய்? அவன் வந்து நிண்டால் எங்கை ஓடுறது? கிடக்கட்டும் விடு."

ஜெயசுதன் விட்டான். பட்டியலில் மூன்றாவதாகக் கிறிஸ்துநாயகம் ஜெரோசன் என்றே எழுதிக் கொடுத்தான். ஓட்டம் நடக்கிற அன்று காலையில், மேசையில் வைத்து இரகசியமாக மாற்றிவிடலாம் என்பது அவன் கணக்கு. செபஸ்தியம்மா புட்டுச்சட்டியோடு பஸ்ஸில் ஏறுவாள் என்பதை அவன் கனவிலும் நினைத்திருக்கமாட்டான்.

பஸ் நீர்வேலி வாழைத்தோட்டங்களைத் தாண்டி, நெல்லியடியில் தேத்தண்ணிக்கு நின்று, மணற்காட்டுக்குப் போய்ச்சேர எட்டு மணியாகிவிட்டது. மணல் மேடுகளும் சவுக்கு மரங்களும்தான் அந்த இடம் முழுக்க. சோளகக் காற்றுப் பிடித்து வீசிக்கொண்டிருந்தது. சவுக்கு இரைகிற சத்தம் கடல் இரைகிற சத்தம் மாதிரியே இருந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. பதினாலு கழகங்கள் வந்திருந்தன. கூடாரங்கள், கயிறு கட்டிய பாதை, இரண்டு பெரிய ஒலிபெருக்கிகள். முதல் மூன்று இடங்களுக்கு வருகிற கழகங்கள் அகில இலங்கைப் போட்டிக்கு நுவரெலியா போகலாம். வெண்சங்கு போன வருடம் ஐந்தாவது. ஜஸ்ரின் நுவரெலியாக் குளிருக்கென்று மச்சானிடம் சுவெற்றர் கூடக் கேட்டு வைத்திருந்தான்.

பதிவு மேசைக்கு ஜெயசுதன் போனபோது செபஸ்தியம்மாவும் கூடப் போனாள். அவன் "நீங்கள் நிழலிலை இருங்கோ அன்ரி" என்றான். "நான் நிண்டால் உனக்கென்ன?" என்றாள். மேசையில் இருந்த பிள்ளை கணினியைப் பார்த்துப் பேர்களை வாசித்தது. மூன்றாவது பேர் வந்தபோது செபஸ்தியம்மா கண்ணை எடுக்காமல் ஜெயசுதனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாற்றம் ஏதும் இருக்கோ அண்ணை?"

"இல்லை," என்றான் ஜெயசுதன்.

ஒரு தாயின் முகத்துக்கு முன்னால் வேறென்னத்தைச் சொல்வது? நாலு சிப்புகளையும் வாங்கிக்கொண்டு வந்து, ஜெரோசனின் பேருக்குரிய சிப்பை ஜஸ்ரினின் விரலில் மாட்டிவிட்டான். "ஒருத்தருக்கும் தெரியாது. ஓடிப்போட்டு வா," என்று காதுக்குள் சொன்னான். ஒலிபெருக்கியை மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை.

ஓட்டம் தொடங்கியது. முதலாவது பொடியன் எட்டாவதாக வந்தான். இரண்டாவது பொடியன் விட்டுக்கொடுக்காமல் ஓடி ஐந்தாவதாக வந்து ஜஸ்ரினின் கையைத் தட்டினான். ஜஸ்ரின் படத்தை விரித்துப் பார்த்தபடியே சவுக்குக்குள் மறைந்துபோனான். கூடாரத்தில் புட்டுச்சட்டியைத் திறந்துகொண்டிருந்த செபஸ்தியம்மா அதைக் காணவில்லை. இந்த ஓட்டத்தில் பார்க்க வந்தவர்களுக்கு வேலை ஒன்றும் இல்லை. காட்டுக்குள் போனவன் எங்கே நிற்கிறான், வழி தவறிவிட்டானா என்று ஒன்றும் தெரியாது. வரும்வரைக்கும் குந்திக்கொண்டு இருக்கவேண்டியதுதான். அப்படி இருக்கிறதில் செபஸ்தியம்மாவைப் போலப் பழக்கப்பட்ட வேறு ஆள் அந்தக் கூட்டத்திலேயே இருந்திருக்கமாட்டார். புட்டைப் பங்கிட்டுக் கொடுத்தாள். பக்கத்துக் கூடாரத்து அச்சுவேலிப் பொடியன்களுக்கும் கூப்பிட்டுக் கொடுத்தாள். ஒருத்தன் இரண்டாந்தரம் கேட்டபோது, "நல்லாத் தின், என்ரை மோனும் உப்பிடித்தான்," என்றாள்.

ஒரு மணித்தியாலம் போயிருக்கும். ஓடி வருகிற பாதையில் கடைசிக் கொடிக்கு முன்னால் ஒரு கொடி இருந்தது. அங்கே சிப்பைத் தொட்டால் கணினியில் பேர் விழும். பேரைப் பார்த்து அறிவிப்பார்கள். அறிவிக்கிற பொடியன் நல்ல குரல்காரன். நேரடி வர்ணனை செய்கிறவர்களைப் போல இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"இதோ, குருநகர் வெண்சங்கு விளையாட்டுக் கழகம்! ஐந்தாம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு முன்னேறி வந்துகொண்டிருக்கிறார் மூன்றாவது ஓட்டக்காரர். கிறிஸ்துநாயகம் ஜெரோசன்! ஜெரோசன் வந்துகொண்டிருக்கிறார்!"

செபஸ்தியம்மாவின் கையிலிருந்த கோப்பை மணலில் விழுந்தது.

"ஐயோ!" என்றாள். அது அவள் வாயிலிருந்து வந்த சத்தமென்று அவளுக்கே தெரியவில்லை. எழும்பினாள். சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். மணல் காலை இழுத்தது. ஒரு செருப்பு கழன்று போனது. ஆட்களை இடித்துக்கொண்டு, கயிற்றுக்குக் கீழே புகுந்து, ஓடுகிறவர்களின் பாதைக்குள்ளேயே போய் நின்றாள். "அம்மா, அம்மா, உள்ளுக்கை வரக்கூடாது," என்று யாரோ கத்தினார்கள். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். கூடாரத்திலிருந்து அந்தக் கயிறு ஒரு நூறு யார் தூரம் இருக்கும். அந்த நூறு யார் தூரமும் அவள் பிள்ளை உயிரோடு இருந்தான்.

மணல் மேட்டைத் தாண்டி ஒரு மஞ்சள் பெனியன் தெரிந்தது. வெண்சங்கின் பெனியன். அவனுடைய உயரந்தான். பிறகு முகம் தெரிந்தது. ஜஸ்ரின்.

ஜஸ்ரின் அவளைக் கண்டான். அவள் கைகள் விரிந்து கிடந்ததைக் கண்டான். ஒலிபெருக்கி என்ன சொன்னது என்பது அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. கால் அப்படியே நின்றுவிட்டது. பத்துக் கிலோமீற்றர் ஓடிவந்தவன், கையைத் தட்ட இருபது அடி இருக்கும்போது, மூச்சு வாங்க அவளுக்கு முன்னால் நின்றான். அவன் வாய் கோணியது.

"அன்ரி… நான் தான் அன்ரி."

பின்னால் ஒருத்தன் அவனைத் தாண்டிப் போனான். செபஸ்தியம்மா விரித்த கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் அவன் தோளில் வைத்தாள். வியர்வையில் நனைந்திருந்தது. வேறு ஒருத்தியின் பிள்ளை.

"ஓடு மோனை," என்றாள். "நிக்காதை. ஓடு."

அவன் அழுதுகொண்டே ஓடிப்போய் ஜெயசுதனின் கையைத் தட்டினான்.

யாரோ அவளைக் கொண்டுவந்து நிழலில் இருத்தினார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். அவள் குடிக்கவில்லை, அழவும் இல்லை. கழன்ற செருப்பை ஒரு பிள்ளை தேடிக் கொண்டுவந்து கால் மாட்டில் வைத்தது. அவளுக்கு ஒரே ஒரு விடயந்தான் திரும்பத் திரும்ப மனதில் வந்துகொண்டிருந்தது. பேரைக் கேட்டவுடன் தான் எழும்பின விதம். அவன் வருவான் என்று உண்மையிலேயே இருந்தவள் என்றால், "பாத்தீங்களோ, நான் சொன்னனான்" என்று மற்றவர்களைப் பார்த்துச் சொல்லிக்கொண்டல்லவா எழும்பியிருக்கவேண்டும்? அவள் அப்படி எழும்பவில்லை. செத்த பிள்ளை எழும்பி வந்துவிட்டான் என்று கேட்டவளாகத்தான் "ஐயோ" என்று கத்திக்கொண்டு எழும்பினாள். நெஞ்சுக்கு முதலே தெரிந்திருக்கிறது. எட்டு மாதமும் வாய் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்க, நெஞ்சு தன்பாட்டில் வேறொன்றைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறது.

ஜெயசுதன் மூன்றாவதாக வந்து முடித்தான். மூன்றாவது என்றால் நுவரெலியா. ஆனால் பொடியன்கள் கத்தவில்லை, ஒருவரை ஒருவர் தூக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நடுவர் மேசையிலிருந்து ஆள் வந்து ஜெயசுதனைக் கூட்டிக்கொண்டு போனார். நாலாவதாக வந்த அச்சுவேலிக் கழகத்தார் ஆட்சேபம் கொடுத்திருந்தார்கள். மூன்றாவது ஓட்டக்காரனைப் பொடியன்கள் "ஜஸ்ரின்" என்று கூப்பிட்டது அவர்களுக்குக் கேட்டிருந்தது, பட்டியலில் வேறு பேர். சட்டப்படி அவர்கள் கேட்டது நியாயந்தான். புட்டுத் தின்றதற்காக நியாயத்தை விட்டுக்கொடுக்க முடியுமா?

பிரதான நடுவர் ஞானாம்பிகை, நீர்வேலிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் விளையாட்டு ஆசிரியை. கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு விதிப்புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தாள். செபஸ்தியம்மா பத்தடி தள்ளி நின்றாள். எல்லாம் கேட்டது.

"பட்டியலிலை இருக்கிற ஜெரோசன் எங்கை?"

"வரேல்லை மிஸ்."

"ஏன் வரேல்லை?"

ஜெயசுதன் மேசையில் கிடந்த பட்டியலைப் பார்த்தான்.

"இஞ்சை பாரும் தம்பி. வேறை ஆளை வேறை பேரிலை ஓட விட்டால் அணியை நீக்கோணும். அதுதான் விதி. பேருள்ளவர் இறந்திருந்தால் மட்டும் பதிலாளை ஏற்கலாம். வீட்டுக்காரர் ஒருத்தர் எழுதிக் கையெழுத்துத் தரோணும். அப்பிடி ஏதும் நடந்ததோ? பொடியள் ஏதோ கதைக்கினம், எனக்குச் சரியா விளங்கேல்லை."

"அதை வீட்டுக்காரர்தான் சொல்லோணும் மிஸ். நான் சொல்லமாட்டன்." என்றான் ஜெயசுதன். "எங்களை நீக்குங்கோ. பரவாயில்லை."

பின்னால் நின்ற மற்ற மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவனும் "அன்ரி, நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ" என்று கேட்கவில்லை. அவள் நிற்கிற பக்கம் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. ஜஸ்ரின் விரலிலிருந்து சிப்பைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, நடு விரலையும் பெருவிரலையும் தேய்த்துக்கொண்டு நின்றான்.

ஒரு வருடமாக விடிய நாலு மணிக்கு எழும்பிக் கடற்கரையில் ஓடின பொடியன்கள். அவளுடைய ஒரு சொல்லுக்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போக நிற்கிறார்கள். செபஸ்தியம்மாவுக்கு அவர்கள் மேல் கோபம் வந்தது. அவர்களில் ஒருவனாவது அவளைத் திட்டியிருந்தால் எவ்வளவு சுகமாக இருந்திருக்கும். அவள் வாய் ஒன்றுதான் இத்தனை நாளும் ஜெரோசனை உயிரோடு வைத்திருந்தது. அது திறந்தால் அவன் போய்விடுவான். கடல் கொண்டுபோனதை விட அது பெரிய இழப்பு. கடல் கேட்டுக்கொண்டு கொண்டுபோகவில்லை. இது அவள் தன் கையாலேயே கொடுக்கவேண்டியது.

இரண்டு அடி முன்னுக்கு வைத்தாள். பிறகு நின்றாள். ஜெயசுதன் அப்போதுதான் அவளைப் பார்த்தான்.

"வேண்டாம் அன்ரி," என்றான் மெதுவாக. "வாங்கோ, வீட்டை போவம்."

அவள் அவனைக் கையால் விலக்கிவிட்டு மேசைக்கு வந்தாள்.

"நான் தாய்," என்றாள். "எழுதுங்கோ. என்ரை மகன் செத்துப்போனான்."

சொல்லிவிட்டாள். அவ்வளவு சின்ன வசனம். எட்டு மாதமாகச் சுவாமியாரும் புருசனும் ஊரும் சேர்ந்து வாங்க முடியாமற் போன வசனம், மணற்காட்டில், முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. ஜஸ்ரின் முகத்தைப் பொத்திக்கொண்டு மணலில் குந்திவிட்டான். அச்சுவேலிக் கழகத்து முகாமையாளர் தொப்பியைக் கழற்றினார். "எங்களுக்குத் தெரியாது அம்மா," என்றார். "உங்களிலை பிழையில்லை தம்பி," என்றாள் அவள்.

ஞானாம்பிகை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஒரு தாளை எடுத்தாள். பேர் எழுதினாள். உறவுமுறை, தாய் என்று எழுதினாள். பிறகு பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கேட்கக் கூசினபடி கேட்டாள்.

"இறந்த திகதி, அம்மா?"

செபஸ்தியம்மா அதை யோசித்திருக்கவில்லை. செத்தான் என்று சொன்னால் போதும் என்றுதான் நினைத்து வந்தாள். எந்த நாள் என்று இன்னொன்று இருக்குமென்று அவளுக்குத் தெரியாது.

"பதினாலாந் திகதி விடியப் போனவன்," என்றாள். "கார்த்திகை மழை. பதினேழாந் திகதி பின்னேரம் நெடுந்தீவுக்கு அங்காலை போட்டைக் கண்டுபிடிச்சவை. அஞ்சு லீற்றர் தண்ணிக் கானிலை ஒரு சொட்டும் இல்லை. அவ்வளவும் குடிச்சிருக்கிறான். தண்ணி குடிச்சவன் உயிரோடைதானே இருந்திருப்பான் எண்டு, அதை வைச்சுத்தான் நான் எல்லாரோடையும் சண்டை பிடிச்சனான்."

"அப்ப… பதினேழு எண்டு எழுதவோ?"

"வேண்டாம்."

அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"பதினாலு எண்டு எழுதுங்கோ மிஸ். போன அண்டைக்கே எண்டு எழுதுங்கோ."

"உங்களுக்கு நிச்சயமோ அம்மா?"

"எனக்கென்னெண்டு தெரியும்? தெரியாது. ஆனாப் பதினாலு எண்டு எழுதுங்கோ. மூண்டு நாள் என்ரை பிள்ளை நடுக்கடலிலை தனிய இருந்து என்னைக் கூப்பிட்டவன் எண்டு நான் என்ரை கையாலை எழுதித் தரமாட்டன்."

ஞானாம்பிகை பதினாலு என்று எழுதினாள்.